ஏணியிலிருந்து விழுந்தவள்

அந்தச் சந்தில் பெண்கள் ஏணியிலிருந்து விழுவது வழக்கம். ஆண்கள் விழுவதில்லை. மூக்கு முட்டக் குடித்துவிட்டு வருகிறவன்கூடப் பத்திரமாகப் பரணுக்கு ஏறிப் படுத்துவிடுவான். மறுநாள் காலை அவன் பெண்டாட்டி வீங்கிய கன்னத்தோடு குழாயடிக்கு வருவாள். "என்னட்டி ஆச்சு?" என்று கேட்டால், "ஏணியில இருந்து விழுந்துட்டேன்க்கா" என்பாள். கேட்டவள், "பாத்து ஏறப்பிடாதா?" என்பாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். தாராவியில் கோலி என்கிற ஒற்றை அறை வீடு ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இரும்பு ஏணி நெட்டுக்குத்தாக நிற்கிறது. பாவம், அது இதுவரை யாரையும் தள்ளிவிட்டதில்லை.

கோமதியம்மாள் அந்த வார்த்தையை எத்தனையோ வருசம் சொன்னவள். தோல் பட்டறையில் வேலை பார்த்த அவள் புருசன் வானமாமலைக்குக் கை சும்மா இருக்காது. பல் உடைந்தபோதும் ஏணி, மணிக்கட்டு பிசகியபோதும் ஏணி. அவன் செத்த அன்று சந்தே திரண்டு வந்து, "நல்ல மனுசன், கோவம் மட்டும்தான் கொஞ்சம்" என்று சொல்லித் தூக்கிப்போனது. நல்ல மனுசனாம்! கோமதியம்மாள் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்குப் பிறந்த நாகராஜோ நேர்மாறு. இட்லி வியாபாரம். விடியுமுன் ஆயியும் மகனுமாக இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றுவார்கள். வெந்த இட்லியை ஈரத்துணியோடு அண்டாவில் கொட்டி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஒரு பக்கம் சாம்பார்த் தூக்கும் மறுபக்கம் சட்னித் தூக்குமாகத் தொங்கவிட்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, வடாலா என்று சுற்றுவான். குறுக்கே படுத்திருக்கும் நாயை எழுப்பக்கூட மனசு வராமல் சைக்கிளை ஒடித்துக்கொண்டு போவான். அப்பன் அடித்த அடியையெல்லாம் பார்த்து வளர்ந்தவன், கையை ஓங்குவதில்லை என்று தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டவன்.

அவன் பெண்டாட்டி மாரிசெல்வியும் அதே சந்தில் பிறந்தவள்தான். செம்பூரில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. பகல் முழுக்க ஊரார் புருவத்துக்கு நூல் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பிழைப்பு. கண்ணாடியில் வாடிக்கைக்காரியின் முகத்துக்கு மேலே எப்போதும் இவள் முகம் தெரியும். அதன் நடுவில் இவள் மூக்கு. சின்ன வயசிலிருந்து சந்து அவளைக் கூப்பிட்ட பெயர் போண்டாமூக்கி. பள்ளிக்கூடத்திலும் அதுதான், கல்யாணப் பந்தலிலும் அதுதான். "போண்டாமூக்கிக்கு இட்லிக்காரன், பொருத்தம்தான் போ" என்று எதிர்வீட்டுச் சண்முகவடிவு எல்லார் காதிலும் விழச் சொல்லிச் சிரித்தாள்.

நாகராஜுக்கு அந்த மூக்கு பிடித்திருந்தது.

"ஒம் மூக்குக்கு என்னட்டி கொறச்சல்? குட்டி இட்லி மாதிரி மெத்துனு அழகாத்தான இருக்கு."

அவனுக்குத் தெரிந்த பெரிய பாராட்டு அதுதான். அவள் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஊரு போண்டாங்கு, நீங்க இட்லிங்கீங்க. மொத்தத்துல எம் மூஞ்சியில திங்கித சாமான்தான் ஒட்டிக்கெடக்கு."

பார்லருக்கு வருகிற ஒருத்தி தன் மூக்கைச் சீர்செய்துகொண்டு வந்து காட்டிய நாளிலிருந்து இவளுக்கும் அதே நினைப்பு. நாகராஜ் வேண்டாம் என்று கெஞ்சினான். அவள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், பேசாமல் கிடந்தாள். கடைசியில் அவனே வியாபாரத்துக்கு லீவு விட்டு, டாக்ஸி வைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பகல் முழுக்கக் காத்துக்கிடந்தான். உள்ளே போகுமுன் அவள் அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள்.

"ஒங்க வாயால இது வெளிய வரப்பிடாது. எந் தலைமேல சத்தியம்."

"சத்தியம்ட்டி. நான் ஏன் சொல்லப்போறேன்?"

ஊருக்குச் சொல்ல ஒரு பொய்யும் தயாராக இருந்தது. சைனஸ் ஆபரேஷன். மாமியாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கோமதியம்மாள் அரிசி களைந்துகொண்டே, "சைனசு, சைனசு" என்று நெட்டுருப் போட்டாள்.

பரணிலேயே ஆள் கண்ணில் படாமல் படுத்துக்கிடப்பது என்று திட்டம். புத்திசாலிகள் போட்ட திட்டம்! வீட்டில் இட்லி அவிக்கிறார்கள் என்பதை மூன்று பேருமே மறந்துபோனார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாள் விடியக்காலம் கொப்பரையைத் திறந்ததும் ஆவி அத்தனையும் நேராகப் பரணுக்குப் போயிற்று. வெளியே மழை, ஜன்னலைத் திறக்க வழியில்லை. மூக்கில் பஞ்சு, மேலே பிளாஸ்திரி, வாயால்தான் மூச்சு. "ஆவி பக்கமே போகக் கூடாது, குனியக் கூடாது, சிந்தக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்று டாக்டர் அத்தனை தடவை சொல்லியிருந்தார். அவள் மேலே திணறிப்போய்ப் பலகையைத் தட்டினாள். நாகராஜ் ஓடி ஏறி, ஒரு குழந்தையை இறக்குவதுபோல் அவளை ஏணி வழியாக இறக்கி, காற்று வருகிற ஒரே இடமான வாசலோரம் மூன்று தலையணை அடுக்கிச் சாய்த்துப் படுக்கவைத்தான். கண்ணுக்குக் கீழே ரெண்டு பக்கமும் கன்றிப்போய்க் கறுத்திருந்தது. அந்த ஆபரேஷன் என்றால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்துக்கு யார் சொல்வது?

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் சண்முகவடிவு குடத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஏ யாத்தாடி! கோமதிக்கா, என்ன இது? என்ன ஆச்சு இவளுக்கு?"

கோமதியம்மாள் மத்தியானக் குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டதும் கை நின்றது. அந்த இங்கிலீஷ் வார்த்தை தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. வீட்டில் ஒருத்தி முகம் வீங்கிக் கிடக்க, வாசலில் ஒருத்தி நின்று "என்ன ஆச்சு" என்று கேட்டால், அவள் வாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏணியில இருந்து விழுந்துட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சண்முகவடிவு ஒன்றும் கேட்கவில்லை. "பாத்து ஏறப்பிடாதா, தாயீ" என்று படுத்திருந்தவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள்.

சாயங்காலம் நாகராஜ் திரும்பி வருவதற்குள் சந்து முழுக்கத் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. டீக்கடையில் நின்ற ஒருத்தன் முதுகில் தட்டினான்.

"என்ன நாகராஜு, வானமாமலை மவன்னு காட்டிட்டியே! பூனை மாதிரி இருந்துக்கிட்டு. சாலா, நாங்கூட ஒன்னைய என்னமோ நெனச்சேன்."

அதில் ஒரு பிரியம்கூட இருந்தது. நாகராஜ் வீட்டுக்கு வந்ததும் ஆயியைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"வாய் தவறிட்டுலே ராசா. அந்தச் சனியன் புடிச்ச வார்த்தை வரவே இல்ல. இது தானா வந்துட்டு."

"சரி விடு. நான் போயி சைனஸ்னு சொல்லிட்டு வாறேன்."

போய்ச் சொன்னான். குழாயடியில் நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலைல ஏணி, சாயங்காலம் சைனஸா? நாளைக்கு என்ன, மலேரியாவா?" என்றாள் சண்முகவடிவு. "சைனஸுக்கு எவனாவது கண்ணுல குத்துவானா, தம்பி? அந்தப் பிள்ள கண்ணு ரெண்டும் கத்திரிக்காயா இருக்கு."

அன்றிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பாவ் ரொட்டி வாங்கி வந்தார்கள், ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள், மட்டன் சூப்பை ஆறவைத்துக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் சட்டைக் கையைத் தூக்கிப் பழைய தழும்பைக் காட்டினாள். ஒருத்தி காதோரம் தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். பிறந்ததிலிருந்து போண்டாமூக்கி என்று கூப்பிட்ட வாய்கள் "எந் தங்கம்", "எங் கண்ணு" என்றன. பார்லருக்குப் போகிறாள், பவுடர் போடுகிறாள், திமிர் பிடித்தவள் என்று ஒதுக்கிவைத்திருந்த சந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியது. மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது பிடித்திருந்தது.

வந்தவர்கள் நாகராஜைத் தாண்டிப்போனார்கள். அவன் நீட்டிய டீயைத் தொடவில்லை. காலையில் சந்துக்குள் அவனிடம் இட்லி வாங்குகிற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. அண்டாவின் அடியில் இட்லி மிச்சம் விழுந்து, மூவரும் ராத்திரியும் அதையே தின்றார்கள்.

"செல்வி, சொல்லிருவோம்ட்டி," என்றான் அவன், அவளுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டே. "எல்லாரும் என்னய ஒரு மாதிரி பாக்காவ."

"என்னன்னு சொல்லுவீங்க? போண்டாமூக்கி மூக்க அறுத்து வேற மூக்கு வச்சிக்கிட்டான்னா? இந்தச் சந்து சும்மா விடுமா? செத்தாலும் 'காசுமூக்கி போயிட்டா'ன்னுதான் எடுத்துட்டுப் போவாளுவ."

"அப்பம் எம் பேரு?"

"ஆம்பளைக்கு என்ன? நாலு நாளு பேசுவாங்க. மாமாவ பேசலையா? அவர் செத்ததுக்கு எத்தனை மாலை வந்துச்சு!"

கரண்டி அவன் கையிலேயே நின்றது. மூலையில் உளுந்து களைந்துகொண்டிருந்த கோமதியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

"தலைமேல சத்தியம் பண்ணிருக்கீங்க. ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் மாரிசெல்வி. "ஊட்டுங்க. ஆறுது."

சண்முகவடிவு சும்மா இருப்பாளா? வாசலோரம் தூங்கிக்கிடந்த மாரிசெல்வியைப் போனில் படம் பிடித்து, அவள் அண்ணன் பூதத்தானுக்கு அனுப்பிவிட்டாள். பூதத்தான் ஐரோலியில் டெம்போ ஓட்டுகிறவன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். மழை விட்டிருந்தது. தகரக் கூரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்து, சண்முகவடிவு கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே மச்சினனுக்காகக் காத்திருந்தான். சந்தும் காத்திருந்தது. அன்று யாருக்கும் வேறு வேலை இல்லை.

ஹாரன் சத்தம் கேட்டது. நாகராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான்.

"மச்சான்! எப்பம் வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

"எந் தங்கச்சி மூஞ்சியப் பாத்தேன் மாப்ள. வயிறு நெறஞ்சுட்டு."

நாகராஜ் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டான்.

"என்ன தப்பு பண்ணுனா? சாம்பாருல உப்புக் கூடிப்போச்சா?"

"மச்சான், நான் அவள அடிக்கல. ஒரு நாளும் தொட்டதில்ல."

"அப்பம் எப்படி இப்படிக் கெடக்கா? நீயே சொல்லு, கேப்போம்."

நாகராஜ் வாயைத் திறந்தான். வாசலுக்குள் சாய்ந்திருந்த மாரிசெல்வியைப் பார்த்தான். அவள் தன் உள்ளங்கையை எடுத்து மெதுவாகத் தன் உச்சந்தலையில் வைத்தாள். பார்த்தவர்கள் பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்தார்கள். நாகராஜ் வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தியளா? பேச வாயில்ல," என்றாள் சண்முகவடிவு.

கோமதியம்மாளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஈரக்கையோடு நடுச்சந்துக்கு வந்துவிட்டாள்.

"ஐயா பூதத்தான், நான் சொல்லுதேன் கேளு! எம் புள்ள அடிக்கல. மூக்கு நல்லால்லன்னு அவளே டாக்டர்ட்டப் போயி ஒடச்சுக்கிட்டா. அழகுக்குப் பண்ணுத ஆபரேசன். எம் புள்ள கூடப்போயிக் காவல் இருந்தான். இந்தச் சாமி சத்தியமா இதான் நெசம்!"

பிறகு சந்தே சிரித்தது. மூக்கை உடைக்கச் சொல்லி டாக்டரிடம் போவார்களாம்! ஒருத்தன் விசில் அடித்தான்.

"கோமதிக்கா, ஒம் புருசனுக்காவப் பொய் சொல்லிச் சொல்லி ஒனக்குப் பழகிட்டு," என்றாள் சண்முகவடிவு. "இப்பம் மவனுக்காவ ஆரம்பிச்சிட்ட. இதுக்கு அந்த ஏணியே நம்பும்படியா இருந்துச்சு."

"இல்லட்டி, அன்னைக்குச் சொன்னதுதான் பொய்யி..."

"எல்லா நாளும் சொன்னது பொய்தான், எங்களுக்குத் தெரியாதாக்கும்."

பூதத்தான் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினான். ஸ்டூலை விட்டு எழுந்து தங்கச்சி பக்கம் குனிந்தான். குரல் இறங்கியது.

"ஏளா, நீ சொல்லு. வேற எவ சொன்னாலும் நம்ப மாட்டேன். அத்தை சொல்லுதது நெசமா? நெசம்னா சொல்லிரு, இந்தா இப்பமே மாப்ள கால்ல விழுந்துட்டுப் போயிருதேன். இவன் அடிச்சானா, இல்லையா?"

மாரிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் தோளுக்குப் பின்னால் அத்தனை முகங்கள். சூப் கொண்டுவந்தவள், விசிறியவள், தழும்பைக் காட்டியவள். ஒவ்வொருத்தி உதட்டோரத்திலும் இன்னும் சிரிப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சிரிப்பு யார் பக்கம் திரும்பலாம் என்று காத்துக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், சைக்கிள் பக்கத்தில், நாகராஜ். அவன் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை போதும். ஆமா, ஆபரேஷன்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

அண்ணனையும் நிறுத்த வேண்டும், மூக்கும் வெளியே தெரியக் கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"விட்டுருண்ணே," என்றாள். "இனிமே அடிக்க மாட்டாவ."

நாகராஜ் "செல்வி" என்று சொல்லத் தொடங்கினான். பெயர் முடிவதற்குள் பூதத்தானின் கைமுட்டி அவன் மூக்கில் இறங்கியது. சைக்கிளோடு சாய்ந்தான். சாம்பார் சந்தெல்லாம் ஓடிற்று. பூதத்தான் சட்டையைப் பிடித்துத் தூக்கி அதே இடத்தில் இன்னொன்று வைத்தான். நாகராஜ் கையைத் தூக்கவே இல்லை, தடுப்பதற்குக்கூட. ரெண்டாவது அடிக்குப் பிறகுதான் ஆண்கள் வந்து, "போதும், போதும், படிச்சுக்கிட்டான்" என்று பிடித்து விலக்கினார்கள். கோமதியம்மாள் மகன் தலையை மடியில் போட்டுக்கொண்டு ரத்தத்தைத் துடைத்தாள். யாருக்கும் அவள்மேல் இரக்கம் வரவில்லை.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் அவன் மூக்குக்கும் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி போட்டார்கள். எலும்பு நடுவில் முறிந்திருந்தது, கொஞ்சம் கோணலாகத்தான் சேரும் என்றார்கள். வீட்டில் மாரிசெல்வி தன் மூன்று தலையணையில் ரெண்டை எடுத்து அவனுக்கு வைத்தாள். அந்த வைத்தியம் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

"குனியாதீங்க. சிந்தாதீங்க. தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்முங்க. வலிக்கா?"

"ம்."

"அழப்பிடாது. அழுதா வீங்கும்."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ட்டி."

"சொன்னேன்லா! விட்டுருண்ணேன்னு சொன்னேன்லா!"

அடுத்த வாரம் அவள் பிளாஸ்திரியைப் பிரித்தார்கள். வீக்கம் இருந்தாலும் மூக்கு அவள் ஆசைப்பட்டபடியே இறங்கியிருந்தது. கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து அவள் சந்தோசத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர், "இன்னும் ஒரு மாசத்துக்குச் சிரிப்பைக் குறைச்சுக்கோம்மா" என்று சொல்லி அனுப்பினார். நாகராஜ் தன் பிளாஸ்திரியோடு பக்கத்தில் நின்று அதையும் கேட்டுக்கொண்டான்.

சந்து வந்து பார்த்தது. ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

"நல்ல டாக்டரா இருப்பான் போல. ஒடஞ்ச மூக்க முன்னைக்கு நல்லாவே ஒட்டிட்டானே!" என்றாள் ஒருத்தி.

"எம் புருசன் அடிச்சதுல எனக்குப் பல்லுதான் போச்சு. ஒனக்கு மூக்கு வந்துருக்குட்டி. கொடுத்து வச்சவ," என்றாள் சண்முகவடிவு. எல்லாரும் சிரித்தார்கள். போண்டாமூக்கி என்று இனி கூப்பிட வழியில்லை. பெயர் இப்போது நாகராஜுக்கு வந்திருந்தது. கோணமூக்கன்.

அன்று சாயங்காலம் கரீம் பாட்சா வந்தார். சந்து முனையில் தோல்பை பட்டறை வைத்திருப்பவர். மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. மிட்டாய்ப் பெட்டியோடு வாசலில் நின்றவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாகராஜைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? புள்ளைக்கு என்னாச்சு? மூஞ்சியெல்லாம் இப்படிக் கெடக்கு!"

கோமதியம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. குழாயடியில் வரிசையாகக் குடங்கள். பெண்கள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"ஏணியில இருந்து விழுந்துட்டான் பாய்."

குழாயடி வெடித்துச் சிரித்தது. சண்முகவடிவு குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து ஏறப்பிடாதா, தம்பி!" என்று ஒருத்தி கத்தினாள். மிட்டாய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கரீம் பாட்சா ஒன்றும் புரியாமல் நின்றார்.

மாரிசெல்வி அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலிக்காமல் இருக்கப் புது மூக்கை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வாசல் பக்கம் நின்ற பெண்கள் அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

நாகராஜ் சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

"சிரிக்காதட்டி," என்றான், பஞ்சு அடைத்த குரலில். "டாக்டரு சிரிக்கப்பிடாதுன்னு சொன்னாருல்லா."